புது போனில் சத்தம் குறைவா? முதலில் எந்தச் சத்தம் என்று பாருங்கள்

கேள்வி: புதிதாக வாங்கிய மொபைலில் சத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது. வால்யூமை முழுசாக ஏற்றி வைத்தும் போன் அடிப்பது பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை. பேசுகிறவர் குரலும் மெலிதாகத்தான் வருகிறது. பழைய போனில் இந்தத் தொல்லை இல்லை. செட்டிங்ஸில் ஏதாவது மாற்ற வேண்டுமா, இல்லை போனையே மாற்ற வேண்டுமா?

பதில்:

போனை மாற்றுவதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். நான் மொபைல் சர்வீஸ் வேலையில் இருப்பவன். "புது போன், சத்தமே இல்லை" என்று கையில் வருகிறவற்றில் ஸ்பீக்கர் நிஜமாகவே பழுதாக இருப்பது அபூர்வம்.

நீங்கள் சொல்லியிருப்பது இரண்டு குறைகள். ரிங் அடிப்பது முக்கியமாகப் போனின் அடி விளிம்பில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பேச்சு வருவது மேலே, காதில் வைக்கிற சின்ன ஸ்பீக்கரில். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை. போதாக்குறைக்கு, போனுக்குள் வால்யூமும் ஒன்றல்ல. பாட்டு, வீடியோவுக்கு ஒன்று, ரிங்டோனுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கின்றன. பல போன்களில் நோட்டிஃபிகேஷனுக்கும் தனியாக ஒன்று உண்டு.

"முழுசாக ஏற்றி வைத்தேன்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் சும்மா இருக்கும்போது பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் ரிங்டோன் சத்தம் ஏறும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-இலிருந்து அதே பட்டன் பாட்டு, வீடியோ சத்தத்தைத்தான் ஏற்றுகிறது. பழைய போனிலிருந்து புதிதுக்கு மாறியவர்கள் பட்டனை அழுத்துகிறார்கள், திரையில் கோடு உச்சிக்குப் போகிறது, ரிங்டோன் மட்டும் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. பட்டனை அழுத்தியதும் வருகிற கோட்டுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளியோ சின்ன அமைப்புக் குறியோ இருக்கும். அதைத் தொட்டால் எல்லா வால்யூமும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றிப் பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் சவுண்ட்ஸ் பகுதியில் ரிங்டோனுக்கு என்றே ஒரு கோடு இருக்கிறது. பட்டனுக்கு ரிங்டோன் சத்தம் மாற வேண்டுமா வேண்டாமா என்பதையும் அதன் கீழேயே தேர்ந்துகொள்ளலாம்.

பேச்சு வால்யூம் இன்னும் வேடிக்கையானது. யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால்தான் பட்டன் அதை ஏற்றும். பேசி முடித்துவிட்டு அழுத்தினால் வேறு ஏதோ ஒன்று ஏறும். பேசும்போது போன் காதில் இருப்பதால் பலர் இதைக் கடைசிவரை தொடுவதே இல்லை.

ரிங்டோன் உச்சத்தில் இருந்தும் கேட்கவில்லை என்றால், போனே அதைக் குறைக்கிறதா என்று பாருங்கள். என் சித்தி ஐபோன் வாங்கிய புதிதில் இதே புகார்தான். போன் நன்றாக அடிக்க ஆரம்பிக்கும், அவர் எட்டிப் பார்த்ததும் சத்தம் பாதியாக அமுங்கும். "பார்த்தால் அடங்குதுடா, பார்க்காவிட்டால் அடிக்குது" என்றார். கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது அப்படியே சரி. முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில் 'அட்டென்ஷன் அவேர் ஃபீச்சர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் திரையைப் பார்ப்பது தெரிந்ததும், இனி கத்த வேண்டியதில்லை என்று போனே முடிவுசெய்து சத்தத்தைக் குறைத்துவிடும். செட்டிங்ஸில் ஃபேஸ் ஐடி பகுதிக்குள் போய் அதை அணைத்தால் தீர்ந்தது. ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் கையில் எடுத்தால் சத்தம் குறைவது, கவிழ்த்து வைத்தால் அடங்குவது, மெல்லத் தொடங்கிப் போகப் போக ஏறுவது என்று வகைவகையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'ரிங்' என்று தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ரிங்டோனையே ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். புது போன்களோடு வருகிற ரிங்டோன்கள் பல, தூக்கம் கலையாமல் எழுப்புகிற மாதிரி மென்மையானவை. மனிதக் காது கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை. பழைய பட்டன் போனின் கீச்சு ரிங் வீடு முழுக்கக் கேட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதே ஸ்பீக்கரில், அதே வால்யூமில், மென்மையான இசைக்குப் பதில் பழைய டெலிபோன் மணி வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். பெரியவர்களுக்கு மட்டும் கீச்சுச் சத்தம் வைக்காதீர்கள். வயதாக ஆக முதலில் குறைவது உச்ச ஸ்தாயியைக் கேட்கும் திறன்தான். அவர்களுக்குக் கொஞ்சம் தடித்த மணியோசை பொருந்தும்.

சரி, பேச்சு மெலிதாகக் கேட்கிற விஷயத்துக்கு வருவோம். போனின் முகப்பை வெளிச்சத்தில் சாய்த்து, மேல் விளிம்பைப் பாருங்கள். கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும். பல புது போன்களில் குரல் வருகிற வழி அதுதான். பெட்டியிலிருந்து எடுத்தபோது திரைமேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்திருக்கும். கீறல் விழக்கூடாது என்று அதைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்கள் நிறைய. அது அந்த இடைவெளியை மூடியிருந்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கும். தாளை எடுத்துவிட்டு டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தாலும், அது அரை மில்லிமீட்டர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் கதை அதேதான். விரல் நகத்தால் மேல் விளிம்பை மெல்லத் தடவிப் பாருங்கள். கிளாஸின் ஓரம் இடைவெளிக்குக் கீழே நிற்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா என்பது நகத்துக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, போனைக் காதில் வைக்கிற இடம். பழைய போன்களில் அந்த ஓட்டை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். இப்போது அது ஏறக்குறைய உச்சி விளிம்புக்கே போய்விட்டது. பழைய பழக்கத்தில் வைத்தால் இடைவெளி காதுத் துளைக்கு மேலே போய்விடுகிறது. பேசிக்கொண்டே போனை மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஓர் இடத்தில் குரல் பளிச்சென்று தெளியும். இதை மட்டும் செய்துவிட்டு, செட்டிங்ஸ் எதையும் தொடாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் மெலிதாக இருந்தால், குற்றம் போனிலா நெட்வொர்க்கிலா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு ஒன்றை ஓடவிட்டு, போனைக் காதில் வையுங்கள். சத்தம் தானாகக் காது ஸ்பீக்கருக்கு மாறும். அது தெளிவாகக் கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது வோல்ட்டி (VoLTE, 4ஜி நெட்வொர்க் வழியாகவே பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறையிலான அழைப்பில் குரலின் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டும்தான் வந்து சேரும். வோல்ட்டி அழைப்பில் வழக்கமாகப் பயன்படும் அகலமான முறையில் அது 50 முதல் 7000 வரை விரிகிறது. சத்தத்தின் அளவு கூடாவிட்டாலும் சொற்கள் புரியும். மெலிவு போன மாதிரியே இருக்கும். இரண்டு பக்கமும் அந்த வசதி இருந்தால்தான் இது நடக்கும். ஒருவர் பேசுவது மட்டும் மெலிதாக இருந்தால் அவருடைய மைக்கைச் சந்தேகப்படுங்கள்.

மைக் என்றதும் ஞாபகம் வருகிறது. சிம் தட்டைத் திறக்கிற ஊசியை, பக்கத்திலேயே இருக்கும் மைக் துளையில் விட்டுக் குத்துகிறவர்கள் உண்டு. தட்டு திறக்கவில்லையே என்று இன்னும் அழுத்துவார்கள். புது போனில் "நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது சிம்மை யார் போட்டது என்றுதான்.

அடி ஸ்பீக்கருக்கும் ஒரு சோதனை. ஒரு பாட்டை ஓடவிட்டு, அடி விளிம்பில் இருக்கும் துளை வரிசையை விரலால் மூடுங்கள். மேல், அடி இரண்டு ஸ்பீக்கரிலும் பாடுகிற ஸ்டீரியோ போனாக இருந்தால் சத்தம் வெகுவாகக் குறைந்து, மேலிருந்து மட்டும் மெலிதாக வரும். மூடினாலும் திறந்தாலும் ஒரே மாதிரி இருந்தால் அடி ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, அல்லது கவர் அதை மறைக்கிறது. கவரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். போனை ஏந்தும்போது சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தச் சுண்டுவிரல் உட்காருகிற இடமும் சில போன்களில் அந்தத் துளை வரிசைதான். அங்கே அழுக்குத் தெரிந்தால் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஊசி, குண்டூசி வேண்டாம். வேகமாகக் காற்று பீய்ச்சுவதும் வேண்டாம். தண்ணீர் புகாத போன்களில் துளைக்குப் பின்னால் மெல்லிய வலை இருக்கிறது, அது கிழியும்.

இயர்போனில் மட்டும் சத்தம் குறைவாக இருந்தால் காரணம் வேறு. ஐரோப்பியத் தரவிதிப்படி, போனோடு தரப்படும் இயர்போனில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் எச்சரிக்கை காட்ட வேண்டும், 100-ஐத் தாண்டவே கூடாது. அதை ஒட்டிய வரம்புகள் பல போன்களில் இருக்கின்றன. சாம்சங்கில் 'மீடியா வால்யூம் லிமிட்', ஐபோனில் 'ரெட்யூஸ் லவுட் ஆடியோ' என்று தேடுங்கள். அவை ஆன் ஆகியிருந்தால் கோடு உச்சியில் இருந்தாலும் சத்தம் உச்சிக்குப் போகாது. அணைக்கலாம், ஆனால் கொஞ்சம் யோசித்து அணையுங்கள். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தவர்களுக்குச் சொல்லும் கணக்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரம் முழுக்க 4 மணி நேரம்தான். ப்ளூடூத் இயர்போனில் சத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (செட்டிங்ஸில் வழக்கமாக மறைத்து வைத்திருக்கும் பகுதி) 'டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்' என்பதை ஆன் செய்துவிட்டு, மறுபடி இணைத்துப் பாருங்கள். போனின் வால்யூமும் இயர்போனின் வால்யூமும் தனித்தனியாகப் பிரியும், இரண்டையும் ஏற்றலாம். ஆக்சசிபிலிட்டியில் இடது வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

யாராவது வால்யூம் பூஸ்டர் ஆப் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போனின் ஸ்பீக்கரை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் சிப் ஓட்டுகிறது. பல போன்களில் ஸ்பீக்கர் சுருள் எவ்வளவு சூடாகிறது, சவ்வு எவ்வளவு தூரம் அதிர்கிறது என்பதையும் அந்தச் சிப் கணக்கில் வைத்து, எல்லைக்குள் நிறுத்துகிறது. நிறுவனம் வைத்த உச்சம் பெரும்பாலும் அந்தச் சின்னப் பொருளின் உச்சம்தான். பூஸ்டர் ஆப்பின் வேலை, சிக்னலை அதற்கு மேலும் ஏற்றி அலையின் தலையை வெட்டுவது. சத்தம் கொஞ்சம் கூடும், கூடவே கரகரப்பும் கூடும். நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும். அந்தப் பத்து மடங்கை எந்த ஆப்பும் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. சில போன்களில் நிறுவனமே 200 சதவீதம் வரை ஏற்றும் வசதி தருகிறது. அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், எப்போதும் அதிலேயே கேட்காதீர்கள். அதைவிட, போனில் ஈக்வலைசர் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி) இருந்தால் ஆழ்ந்த ஒலியின் கோட்டை இறக்கி, நடுவில் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை உள்ளதைச் சற்று ஏற்றுங்கள். பேச்சு நன்றாக முன்னால் வரும்.

பழைய போனோடு ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே வீடியோவை வைத்து ஒப்பிடுங்கள். சில வீடியோக்கள் பதிவிலேயே மெலிதாக இருக்கும். யூடியூப் அதிகச் சத்தமானவற்றைக் குறைக்குமே தவிர, மெலிதானவற்றைப் பொதுவாக ஏற்றித் தராது.

இத்தனையும் பார்த்த பிறகும் குறை அப்படியே இருந்தால் ஒருமுறை ரீஸ்டார்ட், வந்திருக்கும் அப்டேட், அப்புறம் நேராக வாங்கிய இடம். பல சாம்சங் போன்களில் டயல் பேடில் *#0*# அடித்தால் சோதனைத் திரை வரும். அதில் ஸ்பீக்கர், ரிசீவர் (காது ஸ்பீக்கர்) என்று தனித்தனிப் பட்டன்கள் இருக்கும், எது மௌனமாக இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் போங்கள். பழைய போனையும் கையோடு எடுத்துப் போய், ஒரே பாட்டை இரண்டிலும் ஓடவிட்டுக் காட்டுங்கள். "சத்தம் கம்மி" என்று பொதுவாகச் சொன்னால் "எல்லாப் போனும் இப்படித்தான் சார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "காது ஸ்பீக்கரில் வாட்ஸ்அப் குரல் பதிவும் மெலிதாக வருகிறது", "அடி ஸ்பீக்கரை மூடினாலும் சத்தம் மாறவில்லை" என்று சொல்லுங்கள். வாரண்டி இருக்கும்போது வெளியே கொடுத்துத் திறக்க வேண்டாம். ஒருமுறை திறந்தால் தண்ணீர் புகாமல் காக்கும் பசை முன்போல இருக்காது, வாரண்டியிலும் தகராறு வரும்.