தொண்டு நிறுவனத்தின் அடையாளம் காலப்போக்கில் மாறுமா?

‘நாங்கள் யார், எதற்காக இருக்கிறோம்’ என்று உள்ளே இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளும் புரிதல்தான் அடையாளம். லாபம் என்ற அளவுகோல் இல்லாத இடத்தில் நன்கொடையாளரும் தன்னார்வலரும் நோக்கத்தை நம்பித்தான் வருகிறார்கள். அதனால் அந்த அடையாளம் லேசில் அசையாது.

சரி, நோக்கமே நிறைவேறிவிட்டால்? அமெரிக்காவின் மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 1938இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கத் தொடங்கப்பட்டது. மக்கள் வெள்ளை மாளிகைக்கே பத்து சென்ட் நாணயங்களைத் தபாலில் அனுப்பினார்கள். அந்தப் பணத்தின் துணையோடு உருவான சால்க் தடுப்பூசி 1955இல் பயன்பாட்டுக்கு வந்தது. அமைப்பு கடையை மூடவில்லை. 1958இல் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனாலும் வீட்டுப் பழக்கம் தொடர்வதைப் போலத்தான்: நோய் மாறியது, குழந்தைகளுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் வழக்கம் மாறவில்லை.

சின்னத்தை மாற்றினால் அடையாளமும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அன்றாட முடிவுகள் பழையபடியே இருந்தால், மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான்.