கிறிஸ்து எப்படிப்பட்ட அரசர்?

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவன். நவம்பரில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாவை முன்னிட்டு பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தயாரிக்க உட்கார்ந்தபோது எனக்கே பல ஐயங்கள் எழுந்துவிட்டன. மன்னராட்சி ஒழிந்துபோன நாட்டில் ஆண்டவரை அரசர் என்று அழைப்பது பழைய காலத்தின் மிச்சம் இல்லையா? நம் மாவட்டத்தில் ஓர் அரசரின் ஆணையால்தான் போர்த்துக்கல்லிலிருந்து வந்த குருவான அருளானந்தர் ஓரியூரில் வெட்டப்பட்டார். அதே பட்டத்தை ஆண்டவருக்குச் சூட்டுவது எப்படிப் பொருந்தும்? கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவர்களின் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவர் அரசர் என்றால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று அந்த வீட்டுப் பெண்கள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? சுரூபத்துக்குப் பொன்முடி சூட்டிச் சப்பரத்தில் வைப்பது சரிதானா என்பதையும் எழுதுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பழைய காலத்தின் மிச்சம் என்று கருதும் இவ்விழாவுக்கு வயது ஏறத்தாழ நூறுதான். திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று வெளியிட்ட சுற்றுமடலின் வழியாக இதை ஏற்படுத்தினார். முதல் உலகப்போர் முடிந்து, செருமனி, ஆஸ்திரியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் முடிகள் அடுத்தடுத்து மண்ணில் விழுந்திருந்த காலம் அது. விழுந்த இடத்தில், மனிதனின் உடலும் மனச்சான்றும் தனக்கே சொந்தம் என்று சொல்லும் புதுவகை அரசுகள் எழுந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் முசோலினி ரோமாபுரியிலேயே தன் சர்வாதிகாரத்தை வெளிப்படையாக நிலைநாட்டியிருந்தார். எந்த அரசும் மனிதன்மேல் முழு உரிமை கொண்டாட முடியாது என்பதைத் திருச்சபை ஆண்டுதோறும் உரக்கச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் தேவைப்பட்டது. நாடாளுவோர் கிறிஸ்துவுக்குப் பொது வணக்கம் செலுத்த வேண்டும் என்று அம்மடல் கேட்டதில், இழந்த செல்வாக்கைக் குறித்த ஏக்கமும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1969இல் வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது, அக்டோபரின் கடைசி ஞாயிறில் இருந்த விழா, திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறுக்கு, அதாவது வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றப்பட்டது. அதனால் நாடுகள் கிறிஸ்துவை ஏற்பது என்பதைவிட, காலத்தின் முடிவில் எல்லா ஆட்சிகளும் யாரிடம் கணக்கு ஒப்புவிக்கும் என்பதே இப்போது விழாவின் மையமாக இருக்கிறது.

விழா புதியது என்றாலும் நம்பிக்கை பழையது. அவருடைய ஆட்சிக்கு முடிவு இராது என்று நாம் ஞாயிறுதோறும் சொல்லும் வரி, 381இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கத்தோடு நம் விசுவாச அறிக்கையில் இடம்பெற்றது. லூக்கா நற்செய்தியில் வானதூதர் மரியாவிடம் சொல்லும் சொல்லே அது.

அரசர்மீது ஐயம் கொள்ள மக்களாட்சிதான் நமக்குக் கற்றுத்தந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சாமுவேல் முதல் நூலின் எட்டாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மற்ற இனத்தாரைப்போல் எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, அரசன் என்ன செய்வான் என்பதைச் சாமுவேல் வரிசையாகச் சொல்கிறார்: உங்கள் மகன்களைத் தேர் ஓட்டவும் போரிடவும் எடுத்துக்கொள்வான், மகள்களைச் சமையலுக்கும் அப்பம் சுடுவதற்கும் எடுத்துக்கொள்வான், நல்ல வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் எடுத்துக்கொள்வான், விளைச்சலிலும் ஆட்டிலும் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வான். எடுத்துக்கொள்வான் என்ற சொல்தான் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அரசு என்பது எடுத்துக்கொள்வது என்பதை நன்றாக அறிந்த மரபிலிருந்துதான் இயேசு வருகிறார்.

எனவே அந்தப் பட்டத்தை அவர் எங்கே மறுக்கிறார், எங்கே ஏற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பிறகு மக்கள் தம்மைப் பிடித்துக்கொண்டுபோய் அரசராக்கப் போகிறார்கள் என்று உணர்ந்ததும், அவர் தனியாக மலைக்கு விலகிப் போய்விடுகிறார். யோவான் ஆறாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. உலகின் அரசுகளையெல்லாம் தருகிறேன் என்று பாலைநிலத்தில் அலகை சொன்னபோதும் மறுத்துவிட்டார். கூட்டமும் அப்பமும் ஆரவாரமும் இருந்த இடத்தில் வேண்டாம் என்றவர், கைது செய்யப்பட்டு, சீடர்கள் சிதறிப்போய், பிலாத்துவின் முன் குற்றவாளியாக நிற்கையில், நீ அரசனா என்ற கேள்விக்குத் தம் ஆட்சி என்று ஒன்று உண்டு என்பதை மறுக்காமல் பதில் சொல்கிறார். அப்பட்டத்தை வைத்து ஒருவரையும் ஒடுக்க முடியாத நிலையில் மட்டுமே அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்பதே கிறிஸ்துவின் அரசுரிமையைப் புரிந்துகொள்ளும் வாயில் என்று நான் கருதுகிறேன். தம் ஆட்சி இவ்வுலகைச் சேர்ந்ததன்று என்று அவர் சொன்னதைச் சிலர், இந்த உலகத்தோடு அவருக்கு வேலையில்லை, விண்ணகத்தில்தான் ஆட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் தரும் சான்று வேறாக இருக்கிறது: இவ்வுலகைச் சேர்ந்ததாக இருந்தால் என் காவலர்கள் போராடியிருப்பார்கள் என்கிறார். ஆட்சி நடக்கும் இடம் இந்த உலகம்தான். அது நடக்கும் முறைதான் இவ்வுலகிடமிருந்து கற்றதன்று.

இந்த வேறுபாட்டை நம் கரையில் தெரிந்துகொள்ள ஓரியூருக்கு முன் மண்டபத்துக்கு அருகிலுள்ள கடற்கரை ஊரான வேதாளைக்குப் போக வேண்டும். 1530களில் முத்துக்குளித்துறையில் திருமுழுக்கு பரவியபோது, அதனுடன் போர்த்துக்கல் அரசரின் பாதுகாப்பும் சேர்ந்தே வந்தது. வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியர், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களின் வழியை மறித்துப் பணம் வாங்கியதால் மூண்ட பகையில், 1549இல் வடுகர் எனப்பட்ட தெலுங்கரின் படை அவ்வூரைத் தாக்கியது. கரையிலிருந்த கிறிஸ்தவர்களைப் படகேற்றிக் காப்பாற்ற நின்ற அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு, கையில் ஆயுதமின்றி ஈட்டிக்கு இரையானார். பிறர் வழிபடப் போகும் பாதையில் நின்று சுங்கம் வாங்குவது சாமுவேல் சொன்ன அரசு. தப்பிப் போக முடிந்தும் மக்களுக்காக நின்றுவிடுவது பிலாத்துவின் முன் நின்றவருடைய அரசு. இரண்டும் ஒரே கரையில், ஒரே சிலுவையின் பெயரால் நடந்தன. அடுத்தவர் மதத்துக்குத் தடை போடக் கிறிஸ்துவின் அரசுரிமையைக் காட்டுபவர் எவரானாலும், அவர் போர்த்துக்கீசியக் காப்டனுக்குத்தான் வாரிசு.

ஓரியூர் விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததே. மறவர் தலைவரான தடியத்தேவர் அருளானந்தரால் திருமுழுக்குப் பெற்று, முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். ஏற்கெனவே 1686இல் பிடிபட்டு, மறவர் நாட்டில் இனி போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டவர் அருளானந்தர். 1693 பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றின் கரையில் அவர் கொல்லப்பட்டார். சேதுபதியை வெறும் கொடியவராக வரைவது எளிது, நான் அப்படிச் செய்யமாட்டேன். பாளையங்களை மண உறவுகளால் பிணைத்து ஆண்ட ஓர் அரசருக்கு, தன் ஆணை செல்லாத ஓர் இடம் ஒரு குடியின் மனச்சான்றுக்குள் இருக்கிறது என்பதே தாங்க முடியாத செய்தியாக இருந்திருக்கும். விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் நிலை என்ன ஆயிற்று என்ற கேள்வியையும் நம் பிரசங்கங்கள் பொதுவாகக் கேட்பதில்லை, கேட்கத்தான் வேண்டும். அப்பட்டத்தைச் சேதுபதியிடமிருந்து கடன் வாங்கி ஆண்டவருக்குச் சூட்டுகிறோம் என்றால் உங்கள் தடை நியாயமானதே. திருச்சபை சொல்வது நேர்மாறானது: அரசர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சிலுவையில் தொங்குபவர்தான் அளவு, அந்த அளவுக்குச் சேதுபதியும் போர்த்துக்கல் மன்னரும் இன்றைய அமைச்சரும் விசைப்படகின் முதலாளியான சம்மாட்டியும் உட்பட்டவர்கள்.

சம்மாட்டியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். திருமுழுக்கு முடிந்ததும் குழந்தையின் உச்சியில் கிறிஸ்மா எண்ணெய் பூசும்போது, குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவைப்போல இக்குழந்தையும் அருள்பொழிவு பெறுவதாகக் குருவானவர் மன்றாடுகிறார். முன்பணம் வாங்கிக் கடனில் மூழ்கிய கூலியாளின் பிள்ளைக்கும், பாசி எடுக்கப் போகும் பெண்ணின் பிள்ளைக்கும், சம்மாட்டியின் பிள்ளைக்கும் அதே எண்ணெய்தான். பிற இனத்தாரின் தலைவர்கள் மக்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களிடையே அப்படி இருக்கக் கூடாது என்று இயேசு சொன்னது வாக்குரிமை வருவதற்கு வெகு காலம் முன்பு. பவனியில் முன்வரிசை யாருக்கு, குடை பிடிப்பது யார் என்று சண்டையிட்டுவிட்டுக் கிறிஸ்து அரசர் வாழ்க என்று முழங்குவதில் உள்ள முரண்பாடு உங்கள் கூட்டத்தில் பேசத்தக்கது. தவிர, இந்த அரசர் கடைசியில் ஆட்சியைத் தந்தையிடம் ஒப்படைத்துவிடுவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். பதவியைக் கையளிக்கும் இடத்தில் முடியும் அரசாட்சியை வரலாற்றில் தேடிப் பாருங்கள், அதிகம் அகப்படாது.

சிறையில் இருப்பவர்களின் வீட்டுப் பெண்கள் கேட்கும் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. அதை லூக்கா தம் நற்செய்தியிலேயே எழுதி வைத்திருக்கிறார். நீ யூதரின் அரசனானால் உன்னைக் காப்பாற்றிக்கொள் என்று படைவீரர்கள் ஏளனமாகச் சொன்னார்கள். உன்னையும் எங்களையும் காப்பாற்று என்று உடன் தொங்கியவர்களில் ஒருவர் கேட்டார். இருவருக்கும் மறுமொழி கிடைக்கவில்லை. இன்னொரு குற்றவாளி மட்டும், நீர் ஆட்சியுரிமையோடு வரும்போது என்னை நினைவில் கொள்ளும் என்று கேட்டு, இன்றே என்னோடு இருப்பாய் என்ற சொல்லைப் பெற்றார். இதை அப்பெண்களுக்கு ஆறுதலாகச் சொல்லிவிட்டு எழுந்துபோகலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கி வந்து எதிரியை நொறுக்கும் அரசர் அவர் இல்லை என்பது, கேட்பவருக்கு வலிக்கும் உண்மை. ஆனால் மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் அரியணையில் அமரும்போது அந்த அரசர், சிறையில் இருந்தேன், நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள் என்கிறார். அப்படியானால் கேள்வி திரும்பி நம்மிடம் வருகிறது: படகு பறிபோன குடும்பத்துக்கு அன்பியம் அரிசி வாங்கிக் கொடுத்ததா, வழக்குச் செலவுக்கு யார் அலைந்தார்கள், பிள்ளைகளின் கட்டணத்தை யார் கட்டினார்கள்?

இதில் அக்கரையையும் விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதே ஞாயிறில் அதே விழாவைக் கொண்டாடும் மீனவர்களின் வலைகளை கடலடியை வாரிச் செல்லும் நம் பக்கத்து இழுவைமடிகள் அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கை அந்த மீன்பிடிப்பை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. கச்சத்தீவு அந்தோணியார் விழாவில் இரு கரையாரும் ஒன்றாக நின்று திருப்பலி காண்கிறோம். ஒருவரை ஒருவர் பட்டினி போட்டுக்கொண்டே ஒரே அரசருக்கு இருவரும் குடிகள் என்று எப்படிச் சொல்வது? சிறைப்பட்டவர்களை விடுவிக்கக் கேட்பது நியாயம். அந்த நியாயத்தின் மறுபாதியையும் பேசுபவரைத் துரோகி என்பது கொடுமை. கூட்டத்தில் இதைச் சொன்னால் உங்களுக்கு எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பொன்முடியைப் பற்றி: இருப்பது இருக்கட்டும், அதனால் பழுதில்லை. திருவெளிப்பாடு நூல் அவருடைய தலையில் பல மணிமுடிகளைக் காட்டுகிறது. புதிதாக ஒன்று செய்யப் பங்கில் வசூல் நடந்தால் நான் தரமாட்டேன். பலிபீடத்தில் பொற்கிண்ணம் நிறைந்திருக்க, கிறிஸ்து வெளியே பசியால் சாகிறார் என்றால் அதனால் பயன் என்ன என்று மத்தேயு நற்செய்தியை விளக்கும்போது பழங்காலத் திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் கேட்டார். அந்தப் பணம் சிறைப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போகட்டும்.

கூட்டத்தில் முதலில் சாமுவேலின் அந்த அதிகாரத்தையும், பிறகு லூக்கா இருபத்து மூன்றாம் அதிகாரத்தில் சிலுவைக் காட்சியையும் வாசிக்கச் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே விளக்கம் எதுவும் வேண்டாம். வாசித்து முடிந்ததும், அந்த வீட்டுப் பெண்களில் பேச விரும்புகிறவர் யாராவது இருந்தால் அவரை முதலில் பேச விடுங்கள். நீங்கள் அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்.