பனிக்கு முன்னே காலியாகும் அலமாரிகள்

கேள்வி: கடும் பனிப்பொழிவு வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு வெளியான சில மணி நேரத்திலேயே ரொட்டி, பால், முட்டை எல்லாம் கடைகளில் தீர்ந்துவிடுகின்றன. இரண்டே நாளில் சாலைகள் சீராகிவிடும் என்று அறிந்தவர்களும் வண்டி நிறைய அள்ளிச் செல்கிறார்கள். இதைப் பேராசை என்பதா, அறியாமை என்பதா?

பதில்: இரண்டுமே பொருந்தாது. அலமாரி காலியாவதற்கு யாரும் பொருளைப் பதுக்க வேண்டியதில்லை. வழக்கமாக ஒரு பாக்கெட் பால் வாங்குபவர்கள் அன்று இரண்டு வாங்கினாலே போதும். விரைவில் கெடும் பொருள்களைப் பல்பொருள் அங்காடிகள் அன்றாட விற்பனையைக் கணக்கிட்டு அடிக்கடி சிறிது சிறிதாகத்தான் வரவழைக்கின்றன. ஆகவே, வாரக் கடைசியில் வரவேண்டியவர், அடுத்த வாரம் வரவேண்டியவர் என எல்லாரும் ஒரே மாலையில் வந்து நின்றால், உணவுக்குத் தட்டுப்பாடே இல்லாத நிலையிலும் அலமாரி வெறுமையாகிறது. அதைக் காண்பவர் தாம் வாங்க எண்ணியிராத பொருளையும் எடுத்துக்கொள்கிறார். எல்லாரும் வாங்கும்போது தாம் மட்டும் வெறுங்கையோடு திரும்பினால் நட்டம் அவருக்குத்தான் என்பதால், அவரைக் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கே. மெர்ட்டன் 1948இல் எழுதிய கட்டுரையில், வங்கி நொடிக்கப்போகிறது என்ற பொய் வதந்தியை நம்பி எல்லாரும் பணத்தை எடுக்க விரைவதாலேயே, நல்ல நிலையிலிருந்த வங்கி உண்மையாகவே நொடித்துப்போவதை விளக்கினார். ரொட்டி அலமாரிக்கும் அதுவே நேர்கிறது. அடுத்த லாரி வந்ததும் அது மீண்டும் நிரம்பிவிடும் என்பது மட்டுமே வேறுபாடு.

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் அமெரிக்காவின் வடகிழக்கைத் தாக்கிய பனிப்புயலில் பாஸ்டன் நகரில் சுமார் 69 செ.மீ. பனி பொழிந்தது, அதைச் சுற்றியுள்ள 128ஆம் எண் நெடுஞ்சாலையில் 3,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் சிக்கிக்கொண்டன, பல நாள்களுக்கு வாகனம் ஓட்டவே தடை விதிக்கப்பட்டது. அத்தகைய வாரத்தைக் கடந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. இதற்கு மாறாக, 2015 ஜனவரி இறுதியில் நியூயார்க் நகருக்கு 60 செ.மீ.க்கு மேல் பனி வரும் என்று எச்சரித்தார்கள். புயல் சற்றே கிழக்கே விலகியதால் சென்ட்ரல் பார்க்கில் 25 செ.மீ. அளவே விழுந்தது, பாஸ்டனிலோ 60 செ.மீ.யைத் தாண்டியது. சிறிய விலகல் இவ்வளவு மாற்றும் என்கிறபோது, எச்சரிக்கும் வானிலையாளரை நான் பழிக்க மாட்டேன்.

என் குறையெல்லாம் மக்கள் எதை வாங்குகிறார்கள் என்பதைப் பற்றியதே. ஈரப்பனியும் உறைமழையும் மின்கம்பிகளில் படிந்து அவற்றை அறுத்துவிடுவதால், மின்சாரம் போவது இத்தகைய நாள்களில் வழக்கம். கதவைத் திறக்காமல் வைத்திருந்தாலும் மின்சாரம் இல்லாத குளிர்சாதனப் பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரமே உணவைக் காக்கும்; நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். அப்படியிருக்க, போட்டி போட்டு வாங்கப்படும் பாலும் இறைச்சியும் முதலில் கெடுபவை, முட்டையோ அடுப்பில்லாமல் பயன்படாதது. (வெளியேதான் பனி இருக்கிறதே என்று உணவை அதில் புதைத்து வைப்பவர்கள் உண்டு, வெயில் பட்டால் சூடேறும், விலங்குகளும் தேடி வரும். பாத்திரத்தில் நீரூற்றி வெளியே உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியைப் பெட்டிக்குள் வைப்பதே சரி.) சமைக்காமல் உண்ணத்தக்க டப்பா உணவு, கொட்டைப் பருப்புகள், உலர்பழங்கள் ஆகியவற்றைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே வாரத்துக்கு ஒன்றிரண்டாகச் சேர்த்துவைப்பவர், அறிவிப்பு வரும் மாலையில் கடைக்குப் போகவே வேண்டியதில்லை. பனி வராமல் போனாலும் அவருக்கு எதுவும் வீணாகாது.

கேள்வி: ஒருவருக்கு இரண்டு மட்டுமே என்று கடைக்காரர் வரம்பு விதிப்பது நியாயமா?

பதில்: நியாயமே. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தின்போது பல நாடுகளின் அங்காடிகள் அதைத்தான் செய்தன. சில, முதியவர்களுக்குத் தனி நேரமும் ஒதுக்கின. பெரிய குடும்பத்துக்கு அது சிரமமே என்றாலும், மாலை வேலை முடிந்து கடைசியில் வருபவருக்கும் ஏதேனும் மிஞ்ச வேறு வழியில்லை.

கேள்வி: வீட்டில் எவ்வளவு இருப்பு வைத்திருப்பது போதும்?

பதில்: குறைந்தது மூன்று நாள்களுக்கான உணவும், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் குடிநீரும் இருக்கட்டும். டப்பா திறக்கும் கருவியை மறந்துவிட்டு டப்பாக்களை மட்டும் அடுக்கிவைப்பவர்கள் ஏராளம். மின்சாரம் போனால் சமைப்பதற்காகக் கரியடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் வைக்கவே கூடாது; மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அன்றாடம் மாத்திரை உட்கொள்பவர்கள் இருந்தால், அறிவிப்பு வந்தவுடன் ரொட்டியைத் தேடிப் போகும் முன் அந்த மாத்திரைகள் எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணிப் பாருங்கள்.