மாதச் சம்பளம் இல்லாத வீடுகள்: வறுமை பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

வறுமை ஒழிப்புத் திட்டங்கள் எந்த அளவுக்குப் பலன் தருகின்றன என்று ஆராய்வதுதான் என் வேலை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நண்பர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்தான் என்று படித்தேன். எங்கள் தெருவை மட்டும் எடுத்தாலே அதைவிட அதிகம் இருக்கும் போலிருக்கிறதே அம்மா. கணக்கு பொய்யா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை)

பொய் இல்லை ஐயா. அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்ற மூன்று தலைப்புகளில் 12 விஷயங்களைப் பார்க்கிறது. மின்சாரம், சமையல் எரிபொருள், கழிப்பறை, வங்கிக் கணக்கு, பிள்ளையின் படிப்பு எல்லாம் அதில் அடங்கும். 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக்கு 2.20 சதவீதம், நாடு முழுமைக்கும் 14.96. இந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை. 1982-இல் விரிவாக்கிய சத்துணவு, எல்லோருக்குமான ரேஷன், 2011 ஜூன் முதல் இலவச அரிசி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று பல ஆட்சிகள் போட்ட உழைப்பு அது.

ஆனால் வருமானம் எந்த மாதம் வரும், எந்த மாதம் நிற்கும் என்பதை அந்தக் குறியீடு பார்ப்பதில்லை. கடனையும் பார்ப்பதில்லை. நம் ஊரில் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தையில், வைகாசியில் கை நிறைய வேலை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிறவர்களுக்கு வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை படுத்துவிடும். வருட வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் இவர்கள் ஏழைகளாகத் தெரிய மாட்டார்கள். ஆனால் மழைக்காலத்தில் வாங்கிய வட்டிக் கடனை அடைப்பதற்கே தை மாதக் கூலி போய்விடும். நீங்கள் தெருவில் பார்ப்பது இதைத்தான். என்னைக் கேட்டால், இன்றைய தமிழ்நாட்டில் வறுமை என்பது குறைந்த வருமானத்தைவிட நிலையில்லாத வருமானம்தான்.

பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயைக் கையில் கொடுப்பதற்குப் பதில் பொருளாகக் கொடுக்கலாமே? பணமாகக் கொடுத்தால் பாதி வீட்டில் டாஸ்மாக்குக்குத்தானே போகும்? (மளிகைக் கடைக்காரர், பள்ளத்தூர்)

இந்தச் சந்தேகம் உலகம் பூராவும் இருக்கிறது அண்ணே. அதனாலேயே இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை டேவிட் இவான்ஸ், அன்னா பொபோவா இருவரும் தொகுத்துப் பார்த்தார்கள். உதவிப் பணம் வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்திருந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை பெண்ணின் கணக்கில் நேராக விழுகிறது, குறிப்பிட்ட தேதியில் விழுகிறது. வேலை இல்லாத மாதத்திலும் அது வரும். உங்கள் கடைப் பாக்கி நோட்டையே புரட்டிப் பாருங்களேன், பணம் வரும் வாரத்தில் யார் யார் பாக்கி குறைகிறது என்று.

100 நாள் வேலை வந்த பிறகு வயலுக்கும் மில்லுக்கும் ஆள் கிடைக்கவில்லை. சனங்களைச் சோம்பேறியாக்கியதுதான் மிச்சம். (அரிசி ஆலை நடத்துபவர், புதுவயல்)

உங்கள் சிரமம் உண்மை. கூலி ஏறியது, அதை மறைக்க முடியாது. ஆனால் காரணம் சோம்பல்தானா என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பழைய ஆந்திராவில் முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 157 மண்டலங்களில் (நம் ஊர் ஒன்றியம் போன்றவை) ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். சில மண்டலங்களில் 100 நாள் கூலியை ஸ்மார்ட் கார்டு மூலம் ஒழுங்காகக் கொடுக்க ஏற்பாடு செய்து, மற்ற மண்டலங்களோடு ஒப்பிட்டார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் நன்றாகவே உயர்ந்தது. அந்த உயர்வில் பெரும் பகுதி அரசு கொடுத்த கூலியால் வந்ததில்லை, வெளி வேலையில் கிடைத்த கூடுதல் கூலியால் வந்தது. "இங்கே இல்லாவிட்டால் அங்கே" என்ற ஒரு வழி இருந்ததால், பேசிக் கூலி வாங்க முடிந்தது. தனியார் வேலை குறையவும் இல்லை, அது கூடத்தான் செய்தது.

அப்புறம், நம் பக்கம் ஆள் கிடைக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று இளவட்டம் கிளம்பிவிட்டது. 100 நாள் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வயதானவர்கள். அவர்கள் உங்கள் மில்லில் மூட்டை தூக்கப் போவதில்லை.

மூன்று குழுவில் கடன் வாங்கியிருக்கிறேன் அக்கா. ஒன்றை அடைக்க இன்னொன்று. குழுக்கடன் வறுமையைப் போக்கும் என்றார்களே? (ஆத்தங்குடியில் கல் பட்டறையில் வேலை செய்யும் பெண்)

அப்படித்தான் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினோம் தங்கச்சி. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளில் பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் இந்தக் குழுக்கடனை ஆராய்ந்தபோது, ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் உதவியது தெரிந்தது. சராசரிக் குடும்பத்தின் மொத்தச் செலவு மாறவே இல்லை, அதாவது வீட்டு வசதி கூடவில்லை. கடன் தப்பான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்கு ஏறி இறங்காத வாரத் தவணை பெரிய பாரம்.

உங்களுக்கு இப்போது வேண்டியது இதுதான். 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி புதுக் கடன் தரக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் போட்டு வசூல் கேட்கக் கூடாது, அசிங்கமாகப் பேசவும் கூடாது. நாலாவது குழுவில் சேராதீர்கள். எதற்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடையுங்கள்.

அப்படியென்றால் ஆய்வில் தேறிய வழிதான் எது? (முதுகலை மாணவர், காரைக்குடி)

தம்பி, மிக ஏழ்மையான குடும்பங்களுக்கு வலுவான சான்று உள்ளது பங்களாதேஷின் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கிய முறைக்குத்தான். ஆடோ மாடோ ஒரு பிழைப்புச் சொத்து, சில மாதம் சாப்பாட்டுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஒரு ஆள். எல்லாம் சேர்ந்தே தர வேண்டும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள், பலன் தெளிவாக இருந்தது. மேற்கு வங்கத்தில் பத்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. கொடுத்த ஆட்டையே நம்பி அவர்கள் நிற்கவில்லை. கையில் கொஞ்சம் பலம் வந்ததும் வேறு வேலை, வெளியூர் என்று துணிந்து போனார்கள். செலவு பிடிக்கும் முறை இது, நல்ல களப்பணியாளர்களும் வேண்டும். அதனால் எல்லோருக்கும் விரிக்க முடியாது. அடித்தட்டில் இருப்பவர்களைச் சரியாகக் கண்டுபிடித்தால் செய்யலாம்.

எங்கள் வீட்டு டிரைவருக்கு நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் ஆனது. நன்றாக இருந்த குடும்பம் ஒரே வருடத்தில் நொடித்துப் போனது. (ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரா, கென்யா, பெரு என்று கிராமம் கிராமமாகக் கேட்டபோது, குடும்பங்கள் வறுமையில் விழ முதல் காரணமாக வந்தது இதேதான் ஆச்சி: நோய், அதன் செலவு. ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் அவரும் சேரலாம். ஆனால் போக்குவரத்து, கூட இருப்பவர் இழக்கும் கூலி, வீடு திரும்பிய பிறகு ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாதது, இவற்றுக்கு எந்த அட்டையும் இல்லை. நம் கொள்கையில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அரசு அடைக்கும்வரை நீங்கள் அவருடைய பாதிச் சம்பளத்தையாவது நிறுத்தாமல் கொடுத்தால் அவர் வட்டிக்குப் போக மாட்டார்.

முதியோர் பென்ஷனில் டெல்லி பங்கு எவ்வளவு? (தேவகோட்டை)

60 முதல் 79 வயதுவரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500. மீதி மாநில அரசுடையது. 2023-இல் மாநில அரசு 1,000 ரூபாயை 1,200 ஆக்கியபோதும் மத்தியப் பங்கு அசையவில்லை.

என் வீட்டுக்காரர் கொத்தனார். வாரியத்தில் பதியாமலே இருக்கிறார். இனிமேல் முடியுமா? (கண்டனூர்)

60 வயது முடியவில்லை என்றால் முடியும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் என்று கேளுங்கள். பதிந்ததோடு விடாமல் காலாகாலத்தில் புதுப்பியுங்கள். வங்கியில் வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்; சாரத்தில் ஏறுகிறவருக்கு 2 லட்சம் பாதுகாப்பு அது.