வர்ஜீனியா வுல்ஃபின் நாவல்களில் பெண்ணியம் எங்கே இருக்கிறது?

பெண் புனைவு எழுத வேண்டுமென்றால் ஆண்டுக்கு 500 பவுண்டும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வுல்ஃப் 1929-இல் ஒரு கட்டுரை நூலில் எழுதினார். நாவல்களில் அப்படி நேரடியாக எதுவும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரி, 1927-இல் வந்த 'டு த லைட்ஹவுஸ்' நாவலின் இரவு விருந்தை எடுத்துக்கொள்வோம்.

வீட்டுத் தலைவி திருமதி ராம்சே எல்லோருக்கும் பரிமாறுகிறாள்; ஆண்களின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுடையதுதான். அதே மேசையில் ஓவியரான லில்லி பிரிஸ்கோவும் இருக்கிறாள். 'பெண்களுக்கு எழுத வராது, வரைய வராது' என்று இன்னொரு விருந்தாளியான டான்ஸ்லி சொன்னது அவள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் வாதாடவில்லை. தன் படத்தில் மரத்தை நடுவுக்கு நகர்த்த வேண்டும் என்று திடீரெனத் தோன்றுகிறது. மறக்காமல் இருக்க உப்புக் கிண்ணத்தை எடுத்து மேசைவிரிப்பின் பூ வேலைப்பாட்டின் மேல் வைக்கிறாள். அப்புறம் அது கண்ணில் படும்போது, நல்லவேளை, நான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்று நிம்மதியடைகிறாள்.

என்னைப் பொறுத்தவரை வுல்ஃபின் பெண்ணியம் அந்த உப்புக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. திருமதி ராம்சேயையும் அவர் குறைத்துக் காட்டவில்லை. லில்லி அவளை அவ்வளவு நேசிக்கிறாள். பத்து ஆண்டுகள் கழித்து, திருமதி ராம்சே இறந்துபோய், அவள் இல்லாத அதே வீட்டில், லில்லி படத்தின் நடுவே ஒரு கோடு இழுத்து வரைந்து முடிக்கிறாள்.