ரெண்டு லேப்டாப்பை இணைக்க ஒரு லேன் கேபிள் போதும்

கேள்வி: கீழக்கரையில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்பில் கிடக்கும் 200 ஜிபி கல்யாண வீடியோக்களைப் புது லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு கடையில், தனியாக ‘கிராஸ் கேபிள்’ அடித்து, நடுவில் வைக்க நெட்வொர்க் ஸ்விட்ச்சும் வாங்கச் சொல்கிறார்கள். சாதாரண லேன் கேபிளை நேராகச் செருகினால் லேப்டாப் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. ஸ்விட்ச்சும் வேண்டாம். கிராஸ் கேபிள், அதாவது ஒரு முனையில் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் இடம் மாற்றி அடித்தது, 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேகம்) காலத்துச் சமாச்சாரம். அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப், எந்தக் கம்பியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதைத் தானே மாற்றிக்கொள்ளும். இது கடைக்காரருக்கும் தெரியும்.

கவலைப்பட வேண்டியது கேபிளின் தரத்தைப் பற்றித்தான். மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியவை. வெட்டிய நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் அது சீக்கிரம் அரித்துவிடும். பிளக்கில் பச்சை பூத்த பழைய கேபிளும் வேண்டாம். இன்னொரு தில்லுமுல்லு, எட்டுக் கம்பியில் நாலை மட்டும் அடித்துக் கொடுப்பது. போர்ட்டில் விளக்கு எரியும், காப்பியும் ஆகும், ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். முக்கால் மணியில் முடிய வேண்டிய 200 ஜிபி அஞ்சு மணி நேரம் இழுக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து எட்டு நிறமும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

புது லேப்டாப்புகள் பலவற்றில் லேன் போர்ட்டே இருக்காது. மெலிசாக்குகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். உங்களுடையதிலும் இல்லையென்றால் யுஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர் வாங்குங்கள்.

செருகியபின், விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில் உள்ள ஈதர்நெட் பிராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4-ஐத் திறந்து, பழையதற்கு 192.168.10.1, புதியதற்கு 192.168.10.2, ரெண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள். கேட்வே காலியாகவே இருக்கட்டும். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று காட்டினால் ‘பிரைவேட்’ ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பலரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம். புது லேப்டாப்பின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மேலே \\192.168.10.1 என்று அடித்தால் யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும். பழைய லேப்டாப்பைத் திறக்கும் நாலு இலக்க பின் இங்கே செல்லாது. அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டுதான் செல்லும். பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்ட் என்றாலும் உள்ளே விடாது. விற்ற கடைக்காரர் தன் மெயில் ஐடியில் அக்கவுண்ட் திறந்து கொடுத்திருந்தால் அந்தப் பாஸ்வேர்ட் உங்களுக்கு எப்படித் தெரியும்? பின் செல்லாது என்று சொல்லாமல் ‘பாஸ்வேர்ட் தவறு’ என்று மட்டும் திரும்பத் திரும்பக் காட்டும் விண்டோஸை என்ன சொல்ல! பழைய லேப்டாப்பில் பாஸ்வேர்டுடன் புதிதாக, மெயில் ஐடி இல்லாத ஒரு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்கி, வீடியோ ஃபோல்டரை அதற்கு ஷேர் செய்யுங்கள். புது லேப்டாப் கேட்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள்.

காப்பி முடிந்ததும் ரெண்டு பக்கமும் ஃபோல்டர் அளவையும் ஃபைல் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். நாலைந்து வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். பழையதை அதற்குப் பிறகு அழிக்கலாம். ஐபியையும் ‘ஆட்டோமேட்டிக்’குக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை மோடம் கேபிளைச் செருகும்போது நெட் வராது.