றாம் கூட்டியும் சத்தம் அறுபடுகிறதா?

கேள்வி: மகள் வயலின் படிக்கிறாள். லப்டொப்பில் யூஎஸ்பி சவுண்ட் கார்ட் பொருத்தி அவளின் வாசிப்பை வீட்டிலேயே பதிவு செய்கிறோம். முதல் உருப்படி நன்றாகப் போகும். பிறகு இடைக்கிடை 'டிக்' என்று சத்தம் அறுந்துவிடும். கடையில் றாம் போதாது என்றார்கள். 8 ஜிபியை 16 ஆக்கியும் பலனில்லை. இப்போது சவுண்ட் கார்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். சார்ஜர் செருகினால் இரைச்சல் கேட்பதால் அதைக் கழற்றிவிட்டே பதிவு செய்கிறோம். என்ன செய்யலாம்? (வாசகர், இணுவில்)

பதில்: சவுண்ட் கார்ட்டுக்கு இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் சார்ஜரைப் பற்றி எழுதிய வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

சார்ஜரைக் கழற்றியதும் லப்டொப் பற்றரியை மிச்சம் பிடிக்கத் தொடங்கும். புரொசசரின் வேகம் குறையும். சும்மா இருப்பதாக அது நினைக்கும் யூஎஸ்பி சாதனங்களை உறங்கவைக்கவும் பார்க்கும். கடிதம் தட்டச்சுச் செய்பவருக்கு இதொன்றும் தெரியவராது. ஒலிப்பதிவில் செக்கனுக்கு 44,100 அளவீடுகள் வந்துகொண்டே இருக்கும். கணினி ஒரு கணம் வேறு வேலைக்குத் திரும்பினால் அந்தத் துண்டு போனது போனதுதான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கோயில் லவுட்ஸ்பீக்கரும் காகமும் பதிவில் விழக்கூடாதென்று யன்னலைச் சாத்தி, ஃபானையும் நிறுத்தியிருப்பீர்கள். வீட்டில் பதிவு செய்கிற எல்லாரும் செய்வதுதான். லப்டொப் மெத்தையில் இருந்தால் அதன் அடிப்பக்கக் காற்றோட்டமும் அடைபடும். சூடேறிய புரொசசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் உருப்படி சரியாகப் போய்ப் பிறகு அறுபடுவது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. மேசையில் வையுங்கள், பின்பக்கத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்து உயர்த்துங்கள், உருப்படிகளுக்கு இடையில் ஃபானைப் போடுங்கள்.

ஆகவே சார்ஜரைச் செருகியே பதியவேண்டும். அதன் இரைச்சலுக்குப் பெரும்பாலும் எர்த் தான் காரணம். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை அடப்டருக்குள் திணித்திருந்தால் முதலில் அந்த அடப்டரைத் தூக்கி எறியுங்கள். லப்டொப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் பலகையில் கொழுவிப் பாருங்கள். அப்படியும் இரைந்தால் வீட்டு எர்த் கம்பியை மின்வேலை தெரிந்த ஒருவருக்குக் காட்டுங்கள். "எர்த் முனையை வெட்டினால் இரைச்சல் போய்விடும்" என்று ஒரு கெட்டிக்காரர் நிச்சயம் சொல்வார். 230 வோல்ட்டோடு விளையாடச் சொல்கிற ஆள் அவர். கேட்காதீர்கள்.

அடுத்தது பஃபர், அதாவது வருகிற ஒலியைக் கணினி சற்றே தேக்கிவைக்கும் இடம். பதிவு சொஃப்ட்வெயாரின் ஒடியோ செட்டிங்கில் இருக்கும். கிணற்று மோட்டர் விட்டுவிட்டு ஓடினாலும் மேல்தாங்கியில் தண்ணீர் இருந்தால் குழாய் நிற்காதல்லவா, பஃபர்தான் அந்தத் தாங்கி. 128 அளவீடுகளில் இருந்தால் 512 அல்லது 1024 ஆக்குங்கள். 1024 என்றால் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன் தாமதம் சேரும். உங்களுக்கு அது பொருட்டில்லை. சவுண்ட் கார்ட்டில் டைரக்ட் மொனிட்டர் என்ற சுவிட்சோ திருகியோ இருந்தால் மகள் தன் வயலினை ஹெட்ஃபோனில் உடனுக்குடன் கேட்கலாம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு கீபோட் வாசிப்பவர்கள் 1024 போட்டு என்னைத் திட்டவேண்டாம். கீபோட்டை யூஎஸ்பியில் கொழுவி, கணினிக்குள் இருக்கும் பியானோவின் சத்தத்தில் வாசிப்பவருக்கு டைரக்ட் மொனிட்டர் உதவாது. சத்தமே கணினிக்குள்தான் பிறக்கிறது. விரல் கட்டையில் விழுந்து, சத்தம் பின்னால் வந்து சேரும். தாளம் தானாகவே இழுபடும். அவர்கள் வாசிக்கும்போது 128 இல் வைத்து, மற்ற ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்து (திரும்பத் திரும்பக் கணக்கிடாதபடி முடிந்த ஒலியாக மாற்றிவைத்து) சுமையைக் குறைக்கவேண்டும். வாசித்து முடிந்து மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றலாம். றாம் கூட்டுவதும் இப்படிப் பெரிய வாத்தியத் தொகுப்புகளை ஏற்றுபவர்களுக்குத்தான் உதவும். ஒரு வயலினை ஒரு ட்ராக்கில் பதிய 8 ஜிபி தாராளம்.

விண்டோஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன். பதிவின்போது வைஃபையை நிறுத்துங்கள். அதன் டிரைவர், அதாவது அதை இயக்கும் சொஃப்ட்வெயார், இப்படி அறுக்கிற வேலையில் பெயர்போனது. சவுண்ட் கார்ட்டை ஹப்பில் கொழுவாமல் லப்டொப்பிலேயே நேராகக் கொழுவுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அதற்கென்று ஆசியோ (ASIO) எனப்படும், ஒலியைத் தாமதம் குறைத்துக் கடத்தும் டிரைவர் இருந்தால் அதையே போடுங்கள். கடைக்காரர் எல்லாருக்கும் ஏற்றிக்கொடுக்கும் பொது டிரைவர் வேண்டாம்.

அவர் ஏற்றிக்கொடுக்கும் கிராக் (பூட்டுடைத்த திருட்டு) சொஃப்ட்வெயார் அதைவிடவும் வேண்டாம். "எல்லாம் ஃபுல் வேர்ஷன்" என்று பென்டிரைவில் தருவார். அன்டிவைரஸை நிறுத்தித்தான் அதை ஏற்றவேண்டும். அதோடு சேர்ந்து வந்த எதுவோ பின்னால் ஓடிப் புரொசசரைத் தின்னும், நீங்கள் சவுண்ட் கார்ட்டைத் திட்டுவீர்கள். ரீப்பர் என்ற பதிவு சொஃப்ட்வெயார் 60 நாள் இலவசமாகக் கிடைக்கிறது. அதேபோன்ற ஒடாசிட்டிக்கு ஒருபோதும் காசில்லை. ஒரு வயலினுக்கு இவை போதும்.

கடைகளில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் றாம், பிறகு கார்ட், அதன்பின் மதர்போர்ட். ஒருவராவது பதிவைப் போட்டுக் கேட்டாரா? நீங்களே கேளுங்கள். 'டிக்' ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்தால் அது பதிவிலேயே விழுந்தது. இடம் மாறி மாறி வந்தால் பதிவு சுத்தம், திருப்பிப் போடும்போதுதான் கணினி திணறுகிறது. அதே இடமென்றால் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு சட்டென்று வெட்டுப்பட்டிருந்தால் மேலே சொன்னவைதான் மருந்து. முகடுகள் மட்டமாகச் சீவப்பட்டிருந்தால் கெயின் (உள்ளே வரும் ஒலியின் அளவு) கூடிவிட்டது, கார்ட்டில் அதன் திருகியைக் குறையுங்கள்.

இவ்வளவும் செய்து, இன்னொருவரின் லப்டொப்பிலும் அதே கார்ட் அறுத்தால் மட்டும் கார்ட்டை மாற்றுங்கள். முதலில் யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு. பெட்டியில் ஒரு வருட உத்தரவாதம் என்றிருக்கும், பழுதென்று கொண்டுபோனால் "கொழும்புக்கு அனுப்பவேணும்" என்பார்கள், பிறகு நீங்கள்தான் தொலைபேசி எடுத்துக் களைப்பீர்கள். இந்தக் கூத்து எப்போது மாறுமோ தெரியாது. ஆகவே உங்கள் லப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய், புதிய கார்ட்டில் அரை மணித்தியாலம் பதிந்து பார்த்து, சீரியல் இலக்கம் எழுதிய பில்லோடு வாங்குங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.